ஐம்பதாவது நேயர்

நாற்பத்தொன்பது கடிதங்களை எழுதி முடித்துவிட்ட கண்ணாடிக்காரருக்கு, ஐம்பதாவதை யார் பேரில் எழுதுவது என்பதுதான் பிடிபடவில்லை.

மேசைமேல் நீளமான தகரப் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. அவர் கடையில் மூக்குக்கண்ணாடி வாங்கியவர்களின் அட்டைகள் அதில் இருந்தன. பெயர், முகவரி, இடது கண் எவ்வளவு, வலது கண் எவ்வளவு என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. பெட்டியை அடிவரை துழாவியாகிவிட்டது. மிச்சமிருந்தவர்களில் ஒருவர் வக்கீல், ஒருவர் போலீஸ்காரர், இன்னொருவர் மூக்கில் தழும்பு விழுந்துவிட்டதென்று ஃபிரேமைத் தூக்கி இவர் மேலேயே எறிந்துவிட்டுப் போனவர். மூவரும் தொலைக்காட்சி நிலையத்துக்கு உருகி உருகிக் கடிதம் எழுதுகிற ஆட்கள் இல்லை.

இவ்வளவுக்கும் ஆரம்பத்தில் விஷயம் மிகச் சின்னது. நேயர்கள் விரும்பும் பழைய தொடர்களை மறுபடி ஒளிபரப்பப் போவதாகத் தொலைக்காட்சியில் ஓர் அறிவிப்பு வந்தது. அன்றைக்கே உட்கார்ந்து 'ஈரச் சாயம்' வேண்டும் என்று எழுதிப் போட்டார். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் விருப்பம் பதிவு செய்யப்பட்டது, இத்தொடரைக் கேட்டவர் இதுவரை தாங்கள் ஒருவரே, குறைந்தது ஐம்பது நேயர்கள் கைப்பட எழுதி முழு முகவரியோடு அனுப்பினால் பரிசீலிக்கப்படும் என்று அதில் இருந்தது.

ஒருவர் ஐம்பது பேராக வேண்டும். அவ்வளவுதான் சிக்கல்.

'ஈரச் சாயம்' இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் புதன்கிழமைதோறும் ஏழரை மணிக்கு வந்த தொடர். ஜன்னலே இல்லாத பதிவறை ஒன்றில் வேலை பார்க்கும் குமாஸ்தாதான் கதாநாயகன். கோப்புகளை அடுக்கி முடித்ததும் அலமாரிக்குப் பின்னாலிருந்து தூரிகையை எடுப்பான். சுவரில் ஒரு கடற்கரையையோ ஒரு காட்டுப் பாதையையோ வரைவான். சாயம் ஈரமாக இருக்கும்வரை அந்தப் படத்துக்குள் போய்வரலாம். காய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். ஒவ்வொரு வாரமும் கடைசி நொடியில் சுவரிலிருந்து வெளியே குதிப்பான். மேலதிகாரி வந்து எங்கே போனாய் என்று கேட்கும்போது அவன் செருப்பிலிருந்து மணல் உதிரும்.

பன்னிரண்டு வாரம் வந்தது. பன்னிரண்டாவது வாரம் அவன் ஓர் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்க, படத்தின் ஒரு மூலையில் சாயம் காயத் தொடங்கியது. அவன் கவனிக்கவில்லை. 'தொடரும்' என்று போட்டார்கள். பதின்மூன்றாவது வாரம் அதே நேரத்தில் பல்லை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்று ஒருவர் வந்து பேசினார். அதற்கடுத்த வாரமும் பல்தான். குமாஸ்தா என்ன ஆனான் என்று யாரும் சொல்லவில்லை.

அப்போது கண்ணாடிக்காரருக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். கடையின் பின்னறையில் நாள் முழுக்க உட்கார்ந்து கண்ணாடி தேய்ப்பார். அந்த அறைக்கும் ஜன்னல் கிடையாது. தொடர் தொடங்கிய மூன்றாம் வாரம் ரகசியமாக இரண்டு தூரிகையும் ஒரு டப்பா நீலச் சாயமும் வாங்கி, சமையலறைச் சுவரில் ஓர் ஆறு வரைந்தார். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சுவரில் நீர்க்கசிவு என்று முடிவுகட்டி, மறுநாளே குழாய் ரிப்பேர்க்காரரை அனுப்பிவைத்தார். கலையோடு அவருக்கிருந்த தொடர்பு அத்துடன் முடிந்தது. ஆனால் புதன்கிழமைகளில் ஏழரையிலிருந்து எட்டுவரை அவர் இந்த உலகத்தில் இருந்ததில்லை.

மனைவியும் பக்கத்தில் வந்து உட்காருவாள். கதையை அவள் ஒழுங்காகக் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்தக் குமாஸ்தாவுக்கு வீட்டில் யாருமே இல்லையா என்று வாராவாரம் கேட்பாள். இவர் விரலை உதட்டில் வைத்துச் சும்மா இருக்கச் சொல்வார். தொடர் நின்றுபோனபோது இவர் முகம் செத்துப்போனதைப் பார்த்து, போனால் போகட்டும், வாங்க நாம எங்கேயாவது நடந்துட்டு வரலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டவளும் அவள்தான். அன்றிலிருந்து புதன்கிழமை ஏழரை மணிக்கு இருவரும் நடக்கப் போனார்கள். மகள் பிறந்த பிறகு மூவராகப் போனார்கள். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும் மறுபடி இருவரானார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்பு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பதினோரு நாள்தான். அதற்குப் பிறகு புதன்கிழமை ஏழரை மணியை என்ன செய்வதென்று கண்ணாடிக்காரருக்குத் தெரியவில்லை. தனியாக நடந்து பார்த்தார். வலது பக்கம் யாரோ வருவதுபோல ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்ததில் சாக்கடை விளிம்பில் காலைச் சுளுக்கிக்கொண்டார். பிறகு வீட்டிலேயே, அணைத்து வைத்த தொலைக்காட்சியின் எதிரே உட்கார்ந்திருந்தார். அறிவிப்பைப் பார்த்தது அப்படி ஒரு புதன்கிழமையில் சும்மா தொலைக்காட்சியைப் போட்டபோதுதான்.

கடிதங்களை அவர் தொழில் நேர்த்தியோடு எழுதினார். கிட்டப்பார்வைக்காரர்கள் பேரில் எழுதும்போது எறும்பு ஊர்வதுபோல எழுத்து. எட்டப்பார்வைக்காரர்கள் பேரில் பக்கத்துக்கு ஏழு வரி. பல் டாக்டருக்கு இடது கண் சற்று மோசம் என்பதால் அவர் கடிதத்தில் வரிகள் எல்லாம் வலப்பக்கம் ஏறிக்கொண்டே போயின. எந்த நிபுணர் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்ற திருப்தி அவருக்கு இருந்தது.

ஐம்பதாவதுக்காகப் பெட்டியை மறுபடி முன்னாலிருந்து புரட்டினார். மூன்றாவது அட்டையில் கை நின்றது. அவர் கடை போட்ட முதல் வாரத்தில் எழுதிய அட்டை. மனைவியுடையது.

மற்றவை எல்லாம் நாலு வரி, ஐந்து வரி. இது மூன்று பக்கம் போயிற்று. அவளுடைய எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அதையும் சாய்த்தே எழுதினார். என் கணவரோடு சேர்ந்து அந்தத் தொடரைப் பார்த்த பன்னிரண்டு புதன்கிழமைகளும் என் வாழ்க்கையின் சந்தோஷமான நாட்கள், அதன் முடிவைத் தெரிந்துகொள்ள இருவரும் இத்தனை வருடமாகக் காத்திருக்கிறோம் என்று எழுதினார். ஓரிடத்தில் மை கலங்கிவிட்டது. வேறு தாளில் திருத்தி எழுதலாமா என்று யோசித்து, அப்படியே விட்டுவிட்டார்.

தொலைக்காட்சி நிலையம் பண்புள்ள நிலையம். கடிதம் எழுதிய ஐம்பது பேருக்கும், அவரவர் வீட்டு முகவரிக்கு, நன்றிக் கடிதம் அனுப்பியது.

முதலில் கடைக்கு வந்தவர் பல் டாக்டர். தங்கள் கடிதத்தில் குறிப்பிட்டபடி, அத்தொடரின் ஒவ்வொரு வாரமும் தாங்கள் தேம்பித் தேம்பி அழுததை அறிந்து நெகிழ்ந்தோம் என்று அச்சடித்த தாளை மேசையில் விரித்தார். உங்கள் கடைக்கும் இதே மாதிரி ஏதாவது வந்ததா என்று கேட்கத்தான் வந்திருந்தார். கண்ணாடிக்காரரின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கேள்வி தேவைப்படவில்லை.

"நான் எதுக்குங்க அழுதேன்?" என்றார் நிதானமாக.

கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். மறுப்புக் கடிதம் எழுதிவிட வேண்டாம் என்று கெஞ்சினார். டாக்டர் தாளை மடித்துப் பையில் வைத்தார். எனக்குள்ளேயும் உணர்ச்சி என்று ஒன்று இருக்கிறது என்று இந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் என் மனைவி நம்புகிறாள், நேற்றிலிருந்து கொஞ்சம் மரியாதையாக நடத்துகிறாள், அதனால் இருக்கட்டும் என்றார். போகும்போது, எந்த இடத்தில் அழுதேன் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள் அவ்வளவு லேசாக விடவில்லை. தன் பேரில் கடிதம் போனதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. நிலையம் அதிலிருந்து ஒரு வரியை மேற்கோள் காட்டியிருந்தது. அதில் 'தூரிகை'க்கு வல்லின 'ற' விழுந்திருந்தது. "முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ங்க. என் பேருல இப்படி ஒரு எழுத்து வெளியே போயிருக்கு" என்றார். கண்ணாடிக்காரர் அவர் முன்னாலேயே அந்தச் சொல்லைப் பத்து தடவை சரியாக எழுதிக் காட்டிய பிறகுதான் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

தையல்காரம்மா ஒன்றும் கேட்கவில்லை. தன் பேருக்கு இதுவரை யாரும் கடிதம் போட்டதில்லை என்று சொல்லி, அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். நான் போடுவது அந்தக் கண்ணாடி இல்லை அம்மா என்று இவர் விளக்க வேண்டியிருந்தது.

இப்படி ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்களையெல்லாம் சமாதானப்படுத்தி அனுப்பிக்கொண்டிருந்தபோது இரண்டாவது கடிதம் வந்தது. இந்தத் தடவையும் ஐம்பது பேருக்கும். தொடரின் கடைசிப் பகுதியை நிலையத்து அரங்கில் ரசிகர்கள் முன்னிலையில் திரையிட்டு, அதைப் படம் பிடித்து ஒளிபரப்பப் போகிறார்களாம். ஐம்பது பேரும் வர வேண்டும். தொடரைப் பற்றிய நினைவுகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

நினைவே இல்லாதவர்கள் எதைப் பகிர்வது? கண்ணாடிக்காரர் கடை அடைக்கும் நேரத்துக்குப் பிறகு வகுப்பு எடுக்கத் தொடங்கினார். கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகையின் கீழே நாற்காலிகளைப் போட்டு, நாளுக்கு மூன்று வாரக் கதையாக எடுத்து, முழுக் கதையையும் சொன்னார். முதல் நாள் பதினோரு பேர் வந்தார்கள். இரண்டாம் நாள் இருபது. தையல்காரம்மா அதில் ஒரு பாட்டு வருமே என்று சாதித்தார். பாட்டே கிடையாது என்று இவர் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, பாடியும் காட்டினார். தலைமையாசிரியை குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டார். சுவரில் வரைந்ததை மறுநாள் யார் அழித்தது? சம்பளத்தில் பிடித்தார்களா? நாலாம் நாள் வகுப்பில், அந்தக் குமாஸ்தாவுக்குக் குடும்பம் ஒன்றும் இல்லையா என்று கேட்டார்.

"என் வீட்டுல அவளும் இதையேதாங்க கேப்பா" என்றார் கண்ணாடிக்காரர். "தொடர்ல அதைக் காட்டவே இல்ல."

வகுப்பு முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை. அப்புறம் அவன் வெளியே வந்தானா இல்லையா என்று பல் டாக்டர் இரண்டு தடவை கேட்டார். நடிக்க வந்தவர்கள் நிஜமாகவே ரசிகர்களாகிவிட்டார்கள். நெடுநாளைக்குப் பிறகு கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்.

மறுநாள் காலை நிலையத்திலிருந்து தயாரிப்பாளர் பேசினார். வேகமாகப் பேசும் இளம்பெண். ஐம்பது கடிதங்களில் ஒரு கடிதம் அவர்களையெல்லாம் உலுக்கிவிட்டதாம்.

"உங்க மனைவி எழுதினதைப் படிச்சிட்டு ஆபீஸ்ல எல்லாரும் அழுதுட்டோம் சார். அவங்க கையாலதான் அன்னிக்குப் படத்தைப் போட வைக்கப் போறோம். மேடையில பேசணும்."

அவள் ஊரில் இல்லை என்றார் கண்ணாடிக்காரர்.

"எப்போ வருவாங்க?"

இப்போதைக்கு வரமாட்டாள் என்றார். அப்படியானால் அவங்க இருக்கிற இடத்திலிருந்தே போனில் பேச வைத்துவிடலாம் என்றார் தயாரிப்பாளர். அங்கே போன் எடுக்காது என்றார் இவர். எங்கள் ஆட்களே வண்டி எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வருவார்கள், தூரம் ஒரு பிரச்சினையே இல்லை என்றார் அவர். அவ்வளவு தூரத்துக்கு வண்டி போகாது என்றார் இவர்.

தயாரிப்பாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போய் எவ்வளவு நாளாச்சு சார்?" என்று கேட்டார்.

"எட்டு மாசம்."

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல்தான். ஆனால் அந்தச் சொல்லை எட்டு மாதமாக அவர் வாய் சொன்னதில்லை. தெரியாமல் விசாரிக்கிறவர்களிடம் வீட்டில் இல்லை என்பார், தெரிந்தவர்களிடம் பேச்சை மாற்றுவார். இப்போதும் அது வரவில்லை. "தெரியலீங்க. ஒண்ணும் சொல்லாமத்தான் போனா" என்றார்.

பிரிந்து போன பிறகும் ஒரு பெண் இப்படி ஒரு கடிதம் எழுதுகிறாள் என்றால் அவள் மனசு எப்படிப்பட்டது என்று தயாரிப்பாளர் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினார். கவலையே பட வேண்டாம், எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து தொலைக்காட்சியில் மணிக்கு ஒரு தடவை விளம்பரம் வந்தது. எட்டு மாதமாகப் பிரிந்திருக்கும் ஒரு தம்பதியை 'ஈரச் சாயம்' சேர்த்துவைக்குமா? மனைவி வருவாரா? காணத் தவறாதீர்கள். கூடவே அவள் பெயரைச் சொல்லி, கடிதத்தின் வரிகளை ஒரு பெண் உருக்கமாகப் படித்தார். பின்னணியில் புல்லாங்குழல்.

விளம்பரம் வந்த அன்று தையல்காரம்மா கடைக்கு வந்தார். அடக்கத்துக்கு வந்தவர் அவர். உயரம் எனக்கும் அவங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், வேண்டுமானால் அன்றைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டு மேடையில் நிற்கட்டுமா, ஒன்றும் பேச மாட்டேன் என்றார். அவர் அதை அவ்வளவு அன்பாகக் கேட்டதால் கண்ணாடிக்காரரால் கோபப்பட முடியவில்லை. வேண்டாம் அம்மா என்று மட்டும் சொல்லி, அவர் கண்ணாடியை வாங்கி, தளர்ந்திருந்த திருகை முறுக்கிக் கொடுத்து அனுப்பினார்.

சாயங்காலம் மகள் பேசினாள். பேருந்து நிலையத்தில் வண்டிகளுக்கு நேரம் போடும் வேலை அவளுக்கு. பயணிகள் காத்திருக்கும் கூடத்தில் ஒரு தொலைக்காட்சி உண்டு.

"அப்பா, அம்மா உங்ககூடச் சண்டை போட்டுட்டுப் போயிட்டாங்கன்னு டிவியில சொல்றாங்க."

கண்ணாடிக்காரர் ஆரம்பத்திலிருந்து சொன்னார். தகரப் பெட்டி, ஐம்பது கடிதம், பல் டாக்டர் அழுதது, தூரிகையில் விழுந்த வல்லினம், போன் எடுக்காத ஊர். அவள் நடுவில் ஒரு தடவை சிரித்தாள். பிறகு சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இவர் இரண்டு தடவை கூப்பிட்டார்.

"இருக்கேன்ப்பா" என்றாள். "மனைவி வருவாரான்னு போட்டிருந்தான். ஒரு நிமிஷம் நான் வருவாங்கன்னே நெனச்சுட்டேன்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு ரயிலேறி வந்தாள்.

நிகழ்ச்சி நாளன்று கண்ணாடிக்காரர் இரண்டு மணி நேரம் முன்னதாகவே நிலையத்துக்குப் போனார். தயாரிப்பாளரிடம் நேராகச் சொல்லத் தைரியம் வரவில்லை. வாசலில் விசாரித்துக் கீழ்த்தளத்தில் இருந்த கடிதப் பிரிவுக்குப் போனார். சாக்கு மூட்டைகளுக்கும் இரும்பு அலமாரிகளுக்கும் நடுவே ஓர் அம்மாள் உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். இன்னும் சில மாதத்தில் ஓய்வு பெறுகிற வயது. மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனியில் நின்றது. காது வளைவு தளர்ந்துவிட்டது என்று கண்ணாடிக்காரருக்குப் பார்த்ததும் தெரிந்தது.

நின்றபடியே குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஐம்பதும் நான்தான் எழுதினேன், என்ன தண்டனையோ கொடுங்கள் என்றார். அந்த அம்மாள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"தெரியும்" என்றார். "பெரிசா எழுதினீங்க, சின்னதா எழுதினீங்க, சாய்ச்சும் எழுதினீங்க. 'அன்புள்ள'ங்கறதுல 'ள்ள'வோட வாலை மட்டும் ஐம்பது பேரும் ஒரே மாதிரி சுழிச்சிருந்தாங்க."

அப்படியென்றால் ஏன் மேலே சொல்லவில்லை என்று இவர் கேட்டார். ஐம்பது கடிதம் வர வேண்டும் என்றுதான் எனக்கு வந்த உத்தரவு, எத்தனை பேர் எழுத வேண்டும் என்று உத்தரவில் இல்லை, பிரித்து எண்ணுவதுதான் என் வேலை என்றார் அந்த அம்மாள்.

பிறகு கண்ணாடிக்காரர் அந்த ஐம்பதாவது கடிதத்தைப் பற்றிச் சொன்னார். எட்டு மாதமாகச் சொல்லாத சொல்லை முதல் தடவையாகச் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே, முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னார். இப்போது அந்த அம்மாள் தலையை நிமிர்த்தினார். உறைகளை ஓரமாக ஒதுக்கி வைத்தார். வாங்க, நானே மேலே கூட்டிட்டுப் போறேன் என்று எழுந்தார்.

தயாரிப்பாளர் செய்தியைக் கேட்டுவிட்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். விளம்பரத்தை என்ன செய்வது என்றார், பிறகு மன்னிச்சிடுங்க சார் என்றார், பிறகு அழுதார். இவர்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

அரங்கு நிறைந்திருந்தது. கண்ணாடிக்காரர் மேடையில் ஏறிப் பார்த்தபோது, வரிசை வரிசையாக அவர் தேய்த்துக் கொடுத்த கண்ணாடிகள் வெளிச்சத்தில் மின்னின. எல்லோரும் வந்திருந்தார்கள். பல் டாக்டர் மனைவியோடு வந்திருந்தார், முன்னேற்பாடாகக் கையில் கைக்குட்டை வேறு. முன்வரிசையில் மகளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"என் மனைவி கோவிச்சுக்கிட்டுப் போகலை" என்றார் ஒலிபெருக்கியில். "இறந்துட்டா. அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன். இந்தத் தொடரோட முடிவை அவளுக்குச் சொல்லணும்னு ஆசை. இது ஒண்ணுதான் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஆசைப்பட்டது."

யாரும் கை தட்டவில்லை. தையல்காரம்மா மட்டும் வாய்விட்டு அழுதார். கண்ணாடிக்காரர் பொத்தானை அழுத்திவிட்டு வந்து, காலி நாற்காலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

திரையில் ஆறு வந்தது. இருபத்தேழு வருடத்தில் அது சின்னதாகிவிட்டிருந்தது, நீலம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. அட்டையில் செய்த கரை, விசிறி வைத்து அசைத்த புல். ஆனாலும் குமாஸ்தா தண்ணீரில் காலை விட்டதும் அரங்கில் ஒருவர்கூட அசையவில்லை. ஒரு மூலையில் சாயம் காயத் தொடங்கியது. திரும்பிப் பார் என்று யாரோ முணுமுணுத்தார்கள். தலைமையாசிரியைதான். குமாஸ்தா பார்க்கவில்லை. 'தொடரும்' என்று வந்தது. திரை வெளுத்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள். விளக்குகள் எரிந்தன.

தயாரிப்பாளர் மேடையேறி, இருப்பது இவ்வளவுதான், இதற்கு மேல் எடுக்கப்படவே இல்லை, இது எங்களுக்கே நேற்றுத்தான் தெரியும் என்று சொன்னார். அரங்கில் சலசலப்பு எழுந்தது. அவ்வளவுதானா என்று தையல்காரம்மா கேட்டார். அவனை அப்படியே உள்ளே விட்டுவிட்டுப் போவது என்ன நியாயம் என்று பல் டாக்டர் எழுந்து நின்று சத்தம் போட்டார். அவர் மனைவி அவரைப் பெருமையாகப் பார்த்தார். எல்லோரையும் சமாதானப்படுத்தி வெளியே அனுப்ப அரை மணி நேரம் ஆயிற்று. மகள் வண்டி பிடித்து வருகிறேன் என்று வாசலுக்குப் போனாள்.

கண்ணாடிக்காரர் எழுந்திருக்கவில்லை. இருபத்தேழு வருடமாக எங்கோ ஓர் அலமாரியில் அந்த முடிவு பத்திரமாக இருக்கிறது என்று நம்பியிருந்தார். இப்போது அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்கிறார்கள். அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று இனி யாரிடமும் கேட்க முடியாது. வீட்டுக்குப் போய் அவளுடைய படத்தின் முன்னால் நின்று என்ன சொல்வது?

கடிதப் பிரிவு அம்மாள் வந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். கையில் அந்த மூன்று பக்கக் கடிதம் இருந்தது. நிலையத்தில் கிடந்து வீணாக வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார். கண்ணாடிக்காரர் வாங்கி மடித்துக்கொண்டார். இவ்வளவு நல்ல தொடரை எதற்காகப் பாதியில் நிறுத்தினார்கள் என்று கேட்டார்.

நேயர்கள் கேட்டுக்கொண்டதால்தான் என்றார் அந்த அம்மாள். நிறுத்தச் சொல்லி ஒரே வாரத்தில் அறுபது கடிதம் வந்ததாம். அந்தக் காலத்தில் அறுபது என்றால் பெரிய கூட்டம். மேலே இருந்தவர்கள் பயந்துபோய், எடுத்துக்கொண்டிருந்த படப்பிடிப்பை நிறுத்திவிட்டுப் பல்லைப் பற்றிப் பேசச் சொல்லி ஆளைப் பிடித்தார்களாம்.

கண்ணாடிக்காரருக்கு முகம் சிவந்தது. "யாருங்க அந்த அறுபது பேரு? ஒரு மனுஷன் அரை மணி நேரம் நிம்மதியா இருக்கறது பொறுக்காதவங்க."

"நான் அப்போ வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம். நான் பிரிச்ச முதல் கட்டே அதுதான்" என்றார் அந்த அம்மாள். "அறுபது பேர், அறுபது கையெழுத்து. ஆனா முகவரி மட்டும் ஒண்ணு. எண்ணிக் கொடுக்கச் சொன்னாங்க, எண்ணிக் கொடுத்தேன்."

கண்ணாடிக்காரர் தன்னை மறந்து லேசாகச் சிரித்துவிட்டார். தன்னைவிட மோசமான கள்ளன் ஒருவன் தனக்கு முன்னாலேயே இருந்திருக்கிறான். முகவரியை மாற்றக்கூடத் தெரியாத அப்பாவி. அப்படி அந்தத் தொடர்மேல் என்னதான் கோபமாம் என்று கேட்டார்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, அவரைப் பார்த்துச் சொன்னார்:

"'என் வீட்டுக்காரர் ஒரு நாள் உள்ளே போய்த் திரும்பி வராம இருந்துட்டா, நான் எந்தச் சுவரைத் தட்டுறது'ன்னு கேட்டு, இந்தக் கடிதத்துல இருக்கற அதே முகவரியிலேர்ந்து அந்த அறுபது பேரையும் உங்க வீட்டம்மாதான் எழுதியிருந்தாங்க."